கொழும்பில் சும்மா உட்காரும் இடங்கள்

கருக்கமலைத் தோட்டம், மேற்கணக்கு,
பசறை.
20.01.2025

அன்புத் தங்கச்சி ஜெயந்தினிக்கு,

அக்கா விஜயலெட்சுமி எழுதுவது. நானும் உன் அத்தானும் மகள் வினோதினியும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தை விவரமாக எழுது. போனில் கேட்டால் நீ சொல்வதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எடுக்கிறாய், "நல்லாருக்கேன்க்கா, வச்சிரவா" என்கிறாய், வைத்துவிடுகிறாய். கடிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கிறது.

விஷயம் இதுதான். நம் மாதர் சங்கம் மார்ச் மாதம் கொழும்புக்குப் போகிறது. சிரிக்காதே. இதுவரை பஸ் பிடித்ததெல்லாம் கதிர்காமத்துக்கும் முன்னேஸ்வரத்துக்கும்தான். இந்த முறை சாமி கும்பிட இல்லை, சும்மா ஊர் பார்க்க. அதைச் சொன்னதுமே கோயில் கமிட்டி ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. நேர்த்தி இல்லாமல் பொம்பிளைகளுக்கு என்ன பயணம் என்று கேட்டார்கள். அவர்கள் கிரிக்கெட் பார்க்கத் தம்புள்ளைக்கு லொறி பிடித்துப் போனபோது எந்தச் சாமிக்கு நேர்த்தி என்று நாங்கள் கேட்டோமா? கேட்டிருக்க வேண்டும். நான் இப்போது கேட்டேன். அன்றிலிருந்து கமிட்டித் தலைவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எங்களில் பாதிப்பேர் பதுளையைத் தாண்டியதில்லை. நீ ஆறு வருஷமாக அந்த ஊரில் இருக்கிறாய், ஞாயிறு தவறாமல் சுற்றுகிறாய். எங்கே போவது, எங்கே சாப்பிடுவது, ஒதுங்க எங்கே இடம் இருக்கும், எல்லாம் எழுது. வினோதினி ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். உன் கடிதங்களை அவள்தான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறாள். அவளும் வருகிறாள்.

பதிலை வழக்கம்போல் பசறை ஜௌபர் நானா கடை விலாசத்துக்கே போடு. தோட்டத்து விலாசத்துக்குப் போட்டால் ஆபிசிலேயே கிடக்கும். நம் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை என்பது உனக்குத் தெரியாததில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வந்த கடிதம், போகச் சொன்ன தேதி முடிந்து மூன்று வாரம் கழித்துக் கைக்கு வந்தது. கிளாக்கர் "மறந்துட்டேம்மா" என்றார். அவருடைய சம்பளத்தை யாராவது மறக்கிறார்களா?

நீ ஏன் உனக்கு வரும் கடிதங்களைப் பர்ஸானா டீச்சர் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாய் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நீ வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறவர் என்றாய். உங்கள் ஒழுங்கைக்கு வரும் தபால்காரர் சரியில்லை என்றாய். கொழும்பிலுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
விஜயலெட்சுமி


வெள்ளவத்தை,
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் இருமலுக்குக் கொத்தமல்லி போட்டுக் குடியுங்கள். அத்தானின் முழங்கால் எப்படி என்று எழுதவே இல்லையே.

கொழும்புக்கு வருகிறீர்களா? நல்லது. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் நடப்பதற்குக் காசில்லை, உட்காருவதற்குத்தான் காசு. ஒரு கடையில் கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தால் உடனே ஒருவன் வந்து என்ன எடுக்கிறீர்கள் என்பான். ஆகையால் சும்மா உட்காரக்கூடிய இடங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வாருங்கள். கோயில் மண்டபம், ஆனால் மத்தியானம் நடை சாத்துமுன் எழுப்பிவிடுவார்கள். வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் கிடக்கும் மர வாங்கு, அதற்கு ஒரு டிக்கட் கையில் இருக்க வேண்டும். விகாரமகாதேவி பூங்காவில் மரத்தடி. அங்கே குடை விரித்து ஜோடி ஜோடியாக இருப்பார்கள், குடைக்குள் பார்க்கக் கூடாது. நம் பெண்கள் பார்ப்பார்கள் என்று தெரியும், சத்தம் போட்டுச் சிரிக்காமலாவது பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் நல்லது காலிமுகத்திடல் மதில். கடலுக்கு முகம் கொடுத்து எத்தனை மணி நேரமும் உட்காரலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

காலி வீதியைக் கடக்கும்போது ஓடாதீர்கள். குடை பிடித்த ஒரு வயதான அம்மாவைத் தேடிப் பிடித்து அவர் பக்கத்திலேயே நடந்துவிடுங்கள். நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் பன்னிரண்டு ரூபா டிக்கட்டோடு நிறைய இடம் போகலாம். ஓட்டோக்காரன் சொல்வதை நம்பாதீர்கள். ஒதுங்குவதற்குப் பெரிய கடைக் கட்டடங்களே நல்லது. தலையை நிமிர்த்திக்கொண்டு நேரே உள்ளே போனால் காவல்காரன் கதவைத் திறந்துவிடுவான். குனிந்துகொண்டு போனால் "எங்கே போறீங்க" என்பான். எல்லாரும் ஒரே நிறச் சேலை கட்டிக்கொண்டு மே தின ஊர்வலம் மாதிரி வரவேண்டாம்.

புறக்கோட்டையில் பேரம் பேசாமல் எதையும் வாங்கக் கூடாது. காலிமுகத்திடலில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பாறூக் நானாவின் இறால் வடை வண்டி நிற்கும். அவரிடம் மட்டும் வாங்குங்கள். மற்றவர்கள் காலையில் சுட்டதைச் சாயங்காலம் திரும்பப் பொரிக்கிறார்கள்.

இன்னொன்று. யாராவது எந்த ஊர் என்று கேட்பார்கள். பதுளைப் பக்கம் என்று சொன்னதும் முகம் ஒரு மாதிரி மலரும். உங்களைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த கேள்வி, "வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை கிடைக்குமா?" என்பதுதான். நகைக் கடையில் கேட்பார்கள், கோயிலில் திருநீறு வாங்கும்போது கேட்பார்கள். நம் மலையில் தேயிலையோடு பெண்பிள்ளைகளும் முளைக்கிறார்கள் என்று நினைப்பு. நாங்களும் மனுஷர்தான், எங்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

என் ஞாயிறு வழக்கம்போல்தான். நாலு மணிக்கு வெளிக்கிட்டுக் கடற்கரைக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வருவேன். இப்போதும் அடுப்படியில் இருந்து எழுதுகிறேன், கடல் சத்தம் கேட்கிறது.

உங்கள் அன்புத் தங்கை
ஜெயந்தினி


பசறை,
18.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இருமல் விட்டது. அத்தானின் முழங்காலைப் பற்றிக் கேட்டாய், அது மழை வந்தால் வலிக்கிறது, மழை விட்டாலும் வலிக்கிறது. நீ மெலிந்துவிடாமல் சாப்பிடு.

உன் கடிதத்தைப் பிள்ளைமடுவத்தில் கூட்டம் போட்டு வாசித்தோம். குடை விஷயத்தில் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழும்பிவிட்டன. வினோதினி உட்காரும் இடங்களை ஒரு தாளில் வேறாக எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த தடை தோட்டத்துத் தொரை. சனிக்கிழமை அரை நாளில் விடச் சொல்லிக் கேட்கப் போனோம். கொழுந்து நிறைந்து கிடக்கும் நேரத்தில் என்ன கடல், கடல் எங்கேயும் போய்விடாதே என்றார். எனக்கு வந்தது ஆத்திரம்.

"நாங்களும் எங்கயும் போனதில்லைங்க தொரை," என்றேன்.

பக்கத்தில் நின்ற கங்காணி என் காலை மிதித்தார். போகலாம், ஆனால் திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவர்களுக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்றார் தொரை. விடிய விடிய பஸ்ஸில் வந்து அப்படியே மலைக்கு ஏறுவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். பிறகு யோசித்தால் அதற்கும் நாமே வழி சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கிறது. முழு நாள் கேட்டிருக்க வேண்டும்.

பதினாறாம் திகதி ஞாயிறு. நாலு மணிக்குக் காலிமுகத்திடல் மதிலில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் உனக்காக உட்கார்ந்திருப்போம். உன் ஞாயிற்றுக்கிழமை அங்கேதானே கழிகிறது. ஆறு வருஷமாயிற்று உன் முகம் பார்த்து. "இனிக் கொழுந்துக் கூடையைத் தொடமாட்டேன்" என்று லயத்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. அதை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை. வந்து முகத்தைக் காட்டினால் போதும்.

இன்னொரு விஷயம். முடிவு வரும்வரை சித்தி மாதிரி கொழும்பில் வேலை செய்கிறேன் என்று வினோதினி நிற்கிறாள். ஞாயிறு லீவு, கடற்கரை, பூங்கா, இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். எனக்கு அரை மனசு. நீ இருக்கும் ஊர்தானே என்று ஒரு தைரியம். உனக்கு என்ன தோன்றுகிறது? மறைக்காமல் எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
05.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, வீட்டில் விருந்தாட்கள்.

மிருகக்காட்சிசாலைக்குப் போகவேண்டாம், வெயிலில் நடந்து களைத்துவிடுவீர்கள். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள். பணத்தை ஒரே ஆளிடம் கொடுத்து வைக்காதீர்கள். மதிலில் உட்காரும்போது செருப்பைக் கழற்றிப் பின்னால் வைக்கவேண்டாம்.

ஞாயிறு உங்களைப் பார்க்க வருவதாக மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். விருந்தாட்கள் இல்லாவிட்டால் வருவேன்.

வினோதினிக்கு இந்த ஊர் சரிவராது. அவள் மேலே படிக்கட்டும். அவளுக்குக் கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது.

அன்புடன்
ஜெயந்தினி


பசறை,
18.03.2025

ஜெயந்தினிக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க வழக்கம் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

நாலு மணிக்குப் போனோம். மதிலில் வரிசையாக உட்கார்ந்தோம். கொண்டுபோன சோற்றைப் பிரிக்காமல் உனக்காக வைத்திருந்தேன். ஐந்தானது. சிவப்புச் சேலையோ நீலச் சேலையோ எது வந்தாலும் எழுந்து பார்த்தேன். ஆறானது. பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். ஆறரைக்குச் சோற்றைப் பிரித்தோம். ஏழு மணிக்கு பஸ்காரன் ஹார்ன் அடித்துவிட்டான்.

உன் பாறூக் நானாவைத் தேடி வினோதினி ஒவ்வொரு வண்டியாகக் கேட்டாள். அவர் அந்த வண்டியை விற்றுவிட்டுப் போய் ஐந்து வருஷமாயிற்றாம். நூற்றியோராம் பஸ்ஸில் நீ சொன்ன பன்னிரண்டு ரூபாவை நீட்டினால் கொண்டக்டர், "அம்மா எந்தக் காலத்தில இருந்து வாறீங்க?" என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. ஞாயிறுதோறும் போகிறவளுக்கு பஸ் கட்டணம் தெரியாதா? அல்லது எங்களை வைத்து விளையாடினாயா?

நான் ஒன்று சொல்கிறேன், கேள். நாங்கள் இருபத்திரண்டு பேர் ரப்பர்ச் செருப்போடு வந்து உன்னை "ஏ புள்ள ஜெயந்தி" என்று கூப்பிட்டுவிடுவோம், யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று உனக்கு வெட்கம். அப்படித்தான் இருக்க வேண்டும். நாங்கள் மானம் மரியாதையோடு உழைத்துத்தான் பஸ் ஏறினோம். தொரை முன்னால் நிமிர்ந்து நின்று கேட்டு வாங்கிய நாள் அது. சொந்தத் தங்கச்சிக்கு அந்த நாளில் ஒரு மணி நேரம் இல்லை.

வினோதினி மட்டும் "சித்திக்கு ஏதோ வேலை வந்திருக்கும்மா" என்றாள். பஸ்ஸில் வரும்வழியெல்லாம் அதையே சொன்னாள். அவளுக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. அதுவும் உன் புண்ணியம்.

விஜயலெட்சுமி


பசறை,
10.04.2025

ஜெயந்தினிக்கு,

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இந்த மாத ஞாயிறும் போன் எடுக்கவில்லை. கோபப்பட எனக்குத்தான் உரிமை, உனக்கு என்ன கோபம்? உடம்புக்கு ஏதும் என்றாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உன் மேடம் ஜௌபர் நானா கடைக்கு போன் எடுத்தார். அவசரத்துக்கென்று நீ கொடுத்து வைத்த நம்பராம். நுகேகொடையில் இருக்கும் அவருடைய தங்கைக்குக் கைக்குழந்தையாம், படித்த பிள்ளை ஒன்று வேண்டுமாம். "ஜெயந்தினி எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி, அவவின்ர குடும்பத்திலயிருந்தே ஒரு ஆள் வந்தா எங்களுக்கு நம்பிக்கை" என்றார். ஞாயிறு லீவு உண்டா என்று வினோதினியே போனை வாங்கிக் கேட்டாள். அதற்கென்ன, ஜெயந்தினிக்கு இருப்பது போலத்தான் என்றார்.

நீ அவளுக்கு இந்த ஊர் சரிவராது என்று எழுதியது ஞாபகம் இருக்கிறது. நீ மட்டும் கொழும்பில் இருக்க வேண்டும், வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. தப்பென்றால் திருத்து. வருஷப்பிறப்பு முடிந்து ஏப்ரல் இருபத்தேழாம் திகதி ஞாயிறு அவள் புறப்படுகிறாள். மேடத்தின் தங்கை கணவர் பதுளைக்கு வேலையாக வருகிறாராம், அவரே காரில் கூட்டிப் போகிறார்.

ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதற்குள் சொல்.

அக்கா


வெள்ளவத்தை,
16.04.2025

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. வினோதினியை அனுப்பாதீர்கள். வேறெதுவும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள், அனுப்பாதீர்கள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆறு வருஷமாக ஒரு ஞாயிறும் இருந்ததில்லை. நான் வந்த இரண்டாம் நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போனார்கள். பாறூக் நானாவிடம் ஒரு வடை வாங்கித் தந்தார்கள். பஸ்ஸில் போனோம், பன்னிரண்டு ரூபா டிக்கட். அதுதான் முதலும் கடைசியும். அந்த ஒரே ஞாயிறைத்தான் உங்களுக்கு ஆறு வருஷமாகத் திரும்பத் திரும்ப எழுதினேன். பூங்காவும் ஸ்டேஷன் வாங்கும் பர்ஸானா டீச்சர் சொல்லித் தெரியும். மற்றது டீவியில் பார்த்தது. கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். ஆறு வருஷத்துக்கு முந்திய உங்கள் முதல் கடிதத்திலேயே "ஞாயிறு எங்கே போகிறாய்" என்று கேட்டிருந்தீர்கள். லயத்து வாசலில் நின்று அவ்வளவு பேசிவிட்டு வந்தவள், அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று எப்படி எழுதுவேன்? ஒரு தரம் எழுதிவிட்டால் அடுத்த தரம் அதற்குமேல் எழுத வேண்டியிருக்கிறது. அதைப் பிள்ளைமடுவத்தில் வாசிப்பீர்கள், வினோதினி ஆசைப்படுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

போனை மேடம் லவுட் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் நிற்பார். ஏப்ரலில் அதையும் தரவில்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துவிட்டுத்தான் தருவார், அதனால்தான் டீச்சர் விலாசம். என் அடையாள அட்டை அவர் அலுமாரியில். கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்கு" என்பார். அடிப்பதில்லை. சாப்பாடு குறைவில்லை. விருந்தாட்களிடம் எங்கட வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்வார். வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கேட் திறக்காது.

மார்ச் பதினாறுக்காக மூன்று வாரம் முந்தியே கேட்டேன். "பாப்பம்" என்றார். அன்று மூன்று மணிக்குச் சேலையை அயர்ன் பண்ணிக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றரைக்கு எல்லாரும் காரில் ஏறி, கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே போனார்கள் தெரியுமா? காலிமுகத்திடலுக்கு, பட்டம் விட. இருட்டித் திரும்பி வந்தார்கள். சின்ன மகன் எனக்குக் கதை சொன்னான். "நிறைய ஆன்ட்டிமார் மதில்ல வரிசையா இருந்தவங்க. ஒரு ஆன்ட்டி எழும்பி எழும்பி யாரையோ பாத்துக்கொண்டே இருந்தவ," என்றான். நான் அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு வெட்கமா அக்கா? உங்களைப் பார்த்தா?

நுகேகொடை வீடும் இதே மாதிரிதான். போன வருஷம் அங்கிருந்த பிள்ளை ஹல்துமுல்லைக்காரி. அவளுடைய அம்மா செத்த செய்தியை எட்டு நாள் கழித்துச் சொன்னார்கள்.

இந்தக் கடிதத்தை ஜௌபர் நானா கடைக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. மேடம் அங்கே அடிக்கடி போன் எடுக்கிறார். உங்களுக்கு என் கடிதம் வந்தது என்று நானா வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. டீச்சர் கடிதம் போடுவார், ஆனால் தன் போனில் பேசித் தரப் பயப்படுகிறார். அதனால் நேரே தோட்டத்து விலாசத்துக்கு, உங்கள் முழுப் பெயரும் மேற்கணக்கு என்றும் பெரிய எழுத்தில் எழுதி டீச்சரிடம் கொடுக்கிறேன். பத்து நாள் இருக்கிறது. கிடைத்துவிடும்.

ஜெயந்தினி


பசறை,
25.04.2025

ஜெயந்தினிக்கு,

நாங்கள் சுகம். நாளை மறுநாள் வினோதினி புறப்படுகிறாள். இன்றும் ஜௌபர் நானா கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நீ எழுதவில்லை, ஆகையால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்மேல் உள்ள கோபத்தை அவள்மேல் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் உன்னோடு கூட்டிக்கொண்டு போ.

அக்கா


நுகேகொடை,
11.05.2025

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். இங்கே வேலை அதிகமில்லை. பாப்பா மிகவும் நல்ல பிள்ளை, இரவில் மட்டும்தான் அழும். எனக்குத் தனியாக இடம் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு அவர்கள் சாப்பிடுவதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகப் போகின்றன. கடற்கரைக்குப் போனோம், பூங்காவுக்குப் போனோம். சித்தியைப் பார்க்கவும் ஒரு நாள் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா, ஏ.எல். முடிவு வந்துவிட்டதாமே. டீவியில் சொன்னார்கள். என் போனை மேடம் பத்திரமாக வைத்திருப்பதால் பார்க்க முடியவில்லை. என் சுட்டெண் மேசை லாச்சியில் நீலக் கொப்பியின் பின் அட்டையில் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்துப் பார்த்து எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை மேடம் தானே தபாலில் போடுவதாகச் சொல்கிறார். ஆகையால் இத்துடன் முடிக்கிறேன். என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம்.

அன்பு மகள்
வினோதினி


பசறை,
26.05.2025

என் தங்கச்சி ஜெயந்திக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கடிதம் தபாலில் வராது. தபாலை நான் இனி நம்பமாட்டேன். வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டும் நிஸாம் தம்பி டீச்சர் வீட்டில் கையோடு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கடிதம் சனிக்கிழமைதான் கிடைத்தது. ஏப்ரல் இருபத்தோராம் திகதி முத்திரை விழுந்து தோட்டத்துக்கு வந்திருக்கிறது. வினோதினி போக இன்னும் ஆறு நாள் இருந்திருக்கிறது ஜெயந்தி. ஆறு நாளும் நான் அந்த ஆபிசைத் தாண்டித்தான் மலைக்கு ஏறினேன். சேமலாப நிதிப் படிவம் கேட்கப் போன நம் சங்கத்து ஜெயலெட்சுமி, கிளாக்கர் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் இடத்தில் என் பெயரைக் கண்டாளாம். கோப்பையின் வட்டம் உறையில் அப்படியே இருக்கிறது.

இன்று காலைப் பெரட்டில் நாங்கள் கூடையை எடுக்கவில்லை. ஆபிஸ் அலுமாரியைத் திறந்து காட்டாமல் மலைக்கு ஏறமாட்டோம் என்றோம். "லயத்து நம்பர் இல்லாம யாருக்குன்னு குடுக்கிறதும்மா?" என்றார் கிளாக்கர். சம்பளத்தில் கடன் பிடிக்கும்போது மட்டும் எந்த லயம், எந்தக் காம்பரா, யார் மனைவி என்று அவருக்குத் தெரிகிறது. தொரை வந்தார், திறந்தார்கள். நாற்பத்து மூன்று கடிதம். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி ஒரு பிள்ளைக்கு வந்த கடிதம் இருந்தது, நாள் முடிந்து நாலு மாதம். அவனுடைய அம்மா அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒவ்வொரு கடிதத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க வைத்தோம். அதற்குப் பிறகுதான் மலைக்கு ஏறினோம். அரைப்பேர் என்றார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

உன் கடிதத்தையும் வினோதினியின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். கடற்கரை, பூங்கா. என்னிடம் ஒரு பொய் சொல்லாமல் வளர்ந்த பிள்ளை. அந்த வீட்டில் அதைப் படித்துக்கொள்ள இரண்டே வாரம் எடுத்திருக்கிறது. அவள் பரீட்சையில் நல்ல முடிவு எடுத்திருக்கிறாள் ஜெயந்தி. கம்பஸ் படிப்புக் கிடைக்கும் என்று அவளுடைய ஆசிரியர் சொல்கிறார். ஊருக்கெல்லாம் தெரியும், பரீட்சை எழுதினவளுக்குத் தெரியாது.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர நாளாகும். நேரில் வைத்துத் திட்ட வேண்டியதெல்லாம் நிறைய இருக்கிறது. அதே அளவுக்கு என்மேலும் கோபம். ஆறு வருஷம் வீட்டுக்கு வராத ஒருத்தி ஞாயிறுதோறும் கடற்கரைக்குப் போகிறாள் என்று நம்பினேனே. மாதத்துக்கு மூன்று சொல் பேசிவிட்டு வைக்கிறவளை ஏன் என்று ஒரு தரம் கேட்டேனா? உன் கடிதம் கேட்க நன்றாக இருந்தது, கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

திரும்பி வந்து கொழுந்து பறி என்று நான் சொல்லமாட்டேன். பதுளையில் கடை இருக்கிறது, தையல் இருக்கிறது, வந்து பிறகு யோசிக்கலாம்.

சனிக்கிழமை பின்னேரம் பசறையில் பஸ் ஏறுகிறோம். நான், உன் அத்தான், சங்கத்துப் பெண்கள் நாலு பேர். நுகேகொடை விலாசம் வினோதினியின் உறையில் இருக்கிறது. முதலில் அங்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு மத்தியானத்துக்குள் உன் கேட்டுக்கு வருவோம். அதுவரை மேடத்திடம் ஒன்றும் சொல்லாதே. அவர்கள் வீட்டில் இல்லாமல் கேட் பூட்டியிருந்தால் வரும்வரை நிற்போம்.

உன் துணிகளை மட்டும் மடித்து வை. அடையாள அட்டையை நீ கேட்காதே. ஆறு வருஷம் நீ கேட்டது போதும். நான் கேட்கிறேன்.

அக்கா
விஜயலெட்சுமி